இணையமில்லா வழிகாட்டிச் செயலிகள்: காவிரிக் கடைமடையின் மண் பாதைகளில்

இணைய இணைப்புக் கிடைக்காத இடத்திலும் வழி காட்டுவதற்காக நிலப்படத்தை முன்கூட்டியே திறன்பேசியில் பதிவிறக்கி வைத்துக்கொள்ளும் செயலிகள் இணையமில்லா வழிகாட்டிச் செயலிகள் எனப்படுகின்றன. மலையேறுவோர், காட்டுப்பாதையில் ஜீப் ஓட்டுவோர், நெடுந்தூர மோட்டார் சைக்கிள் பயணிகள் ஆகியோரிடம் இவை முதலில் பரவின. இவற்றைப் பற்றிய ஒப்பீடுகளில் பெரும்பாலானவை அமெரிக்கப் பாலைவனத்தையோ ஐரோப்பிய மலைகளையோ மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நாகூர் போன்ற ஊரிலிருந்து உள்நாட்டுக்குள் புறப்படுபவருக்கு அந்த ஒப்பீடுகள் பாதிதான் பயன்படும். இங்கே மலையும் இல்லை, பாலைவனமும் இல்லை. ஆறு, வாய்க்கால், வடிகால், வயல், இவற்றின் கரைகளில் ஓடும் மண் ரோடு ஆகியவையே இங்குள்ள நிலம்.

வெட்டாறு கடலில் கலக்கும் இடத்தருகே அமைந்த ஊர் நாகூர். கிழக்கே வங்கக் கடல். வடக்கே சில கிலோமீட்டரில் வாஞ்சூரைக் கடந்தால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டம். கிழக்குக் கடற்கரைச் சாலையும் தஞ்சாவூர் நெடுஞ்சாலையும் எல்லாச் செயலிகளிலும் சரியாகவே இருக்கின்றன. அச்சாலைகளை விட்டு இறங்கிய பிறகுதான் செயலிகளுக்கு இடையிலான வேறுபாடு தெரியும்.

இருப்பிடத்துக்கு இணையம் வேண்டாம்

இணையம் போனால் ஜி.பி.எஸ். போய்விடும் என்று நினைப்பவர்கள் இன்னும் பலர் உள்ளனர். இது தவறு. திறன்பேசியில் உள்ள அலைவாங்கி, செயற்கைக்கோள்களின் குறிப்பலைகளை நேரடியாகப் பெற்றுத் தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. சிம் அட்டை இல்லாவிட்டாலும் விமானப் பயன்முறையில் வைத்திருந்தாலும் அது வேலை செய்யும். அமெரிக்காவின் ஜி.பி.எஸ்., ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றை இன்றைய பேசிகள் சேர்த்தே பயன்படுத்துகின்றன. இந்தியாவின் நாவிக் அமைப்பையும் சில பேசிகள் பெறுகின்றன.

இணையம் இரண்டு வகையில் உதவுகிறது. ஒன்று, செயற்கைக்கோள்கள் இப்போது எங்கே உள்ளன என்ற தகவலை விரைவாகத் தந்து முதல் இருப்பிடத்தைச் சில நொடிகளில் காட்டச் செய்கிறது. இந்த உதவி இல்லாவிட்டால் அத்தகவலைச் செயற்கைக்கோளிடமிருந்தே பேசி பெற வேண்டும். அதற்கு அரை நிமிடமோ, நெடுநாள் அணைத்து வைத்த பேசியாக இருந்தால் பல நிமிடங்களோ ஆகலாம். இரண்டாவது உதவி, படத்தைக் கொண்டுவந்து சேர்ப்பது. படம் வராதபோது வெறும் சாம்பல் நிறத் திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டும் நிற்கும். புள்ளி இருக்கும் இடம் சரிதான், சுற்றிலும் என்ன இருக்கிறது என்பதுதான் தெரியாது. பதிவிறக்கிய நிலப்படம் தீர்த்துவைப்பது இந்தக் குறையை மட்டுமே.

எதிர்க்கரைச் சிக்கல்

திறந்த வானத்தின் கீழ் நல்ல திறன்பேசியின் இருப்பிடப் பிழை சுமார் 5 மீட்டர். தென்னந்தோப்பிலும் மூங்கில் கொத்துகளின் ஓரத்திலும் அது கூடும். நெடுஞ்சாலையில் இந்த 5 மீட்டரால் ஒன்றும் ஆகாது. கடைமடையில் அதுவே பெரிய தொல்லை. கிளை வாய்க்கால் ஒன்றின் அகலம் பல இடங்களில் அதற்கு மேல் இருக்காது. இரு கரையிலும் பாதை இருந்தால், வாகனம் தென்கரையில் நிற்கும்போது செயலி வடகரையில் இருப்பதாகக் காட்டும். சாலையுடன் ஒட்டவைத்துக் காட்டும் வசதி இந்தப் பிழையை இன்னும் பெரிதாக்குகிறது. அருகில் உள்ள ஏதாவது ஒரு பாதையில் புள்ளியைக் கொண்டுபோய் வைத்துவிடுவதால், தவறாக இருப்பதே ஓட்டுநருக்குத் தெரியாது.

மலையில் தவறான பாதையில் சென்றால் திரும்பி வரலாம். கரைப் பாதையில் ஒரு லாரியோ, கதிர் அறுக்கும் இயந்திரத்தை ஏற்றிவரும் வண்டியோ நுழைந்துவிட்டால் திருப்ப இடம் இருக்காது. அடுத்த பாலமோ சட்ரஸோ வரும்வரை போக வேண்டும், அல்லது பின்னோக்கியே வர வேண்டும். சட்ரஸ் என்று மக்கள் சொல்லும் நீரொழுங்கிகளின் மேல் உள்ள பாலங்கள் எல்லாம் கனரக வாகனத்தைத் தாங்குபவை அல்ல. சிலவற்றில் மிதிவண்டியும் மோட்டார் சைக்கிளும் மட்டுமே போகலாம். நிலப்படத்தில் அதுவும் ஒரு கோடுதான், லாரி போகும் பாலமும் ஒரு கோடுதான்.

எனவே இப்பகுதிக்கான செயலியைத் தேர்வு செய்பவர் முதலில் பார்க்க வேண்டியது, அது பாலங்களையும் நீர்வழிகளையும் எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது என்பதையே. சாலை வெளிப் பயணத்துக்கான செயலிகள் பெருமையாக விளம்பரப்படுத்தும் சமவுயரக் கோடுகளும் மலை நிழலும் கொழுக்குமலை ஜீப் பாதையில் உயிர் காக்கும். இங்கே அவற்றால் பயன் இல்லை. கடற்கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே வந்தாலும் நிலம் சில மீட்டரே உயரும். ஆனால் ஒரு மீட்டர் உயரமுள்ள கரைதான் வாகனம் போகும் வழிக்கும் சேற்றுக்கும் இடையிலான வேறுபாடு. அந்த ஒரு மீட்டரை எந்தச் சமவுயரக் கோடும் காட்டுவதில்லை.

செயலிகள்

கூகுள் மேப்ஸ் பெரும்பாலோரிடம் ஏற்கெனவே இருப்பது. இணையமின்றி வழிகாட்டும் வசதி 2015 இறுதியில் அதில் வந்தது. வேண்டிய பகுதியைச் சட்டமிட்டுப் பதிவிறக்கிக்கொள்ளலாம். கடை, பெட்ரோல் பங்க், மருத்துவமனை ஆகியவற்றைத் தேடுவதில் இதற்கு இணை இல்லை. தமிழில் குரல் வழிகாட்டலும் உண்டு. இந்தியாவுக்கென 2017 டிசம்பரில் இரு சக்கர வாகனப் பயன்முறையும் வந்தது. குறைகள் இணையம் நின்ற பிறகுதான் வெளிப்படும். நடைக்கும் மிதிவண்டிக்கும் வழி கிடைக்காது, வாகன வழி மட்டுமே. செயற்கைக்கோள் படம் பதிவிறக்கத்தில் வராது. பதிவிறக்கிய பகுதியைக் குறித்த காலத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும். வயல் நடுவே செல்லும் மண் ரோட்டுக்கும் தார் ரோட்டுக்கும் இடையில் படத்தில் தெளிவான வேறுபாடு இல்லை என்பது எல்லாவற்றிலும் பெரிய குறை.

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்பது செயலி அன்று. 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய நிலப்படத் தரவுத்தளம் அது. விக்கிப்பீடியாவை அறிந்தவர்களுக்கு இதன் நடைமுறை எளிதில் புரியும். அந்தத் தரவைக் கொண்டு இயங்கும் செயலிகளில் இரண்டு முக்கியமானவை: ஆர்கானிக் மேப்ஸ், ஒஸ்மாண்ட்.

ஆர்கானிக் மேப்ஸ் 2021-இல் வெளிவந்தது. மேப்ஸ்.மீ என்ற பழைய செயலி கைமாறி விளம்பரம் நிறைந்ததாக மாறியபோது, அதன் திறந்த மூல நிரலிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. விளம்பரமோ பயனரைப் பின்தொடர்வதோ இல்லை. படத்தைப் பதிவிறக்கிய பிறகு தேடல், வாகன வழி, நடை வழி, மிதிவண்டி வழி எல்லாமே பேசிக்குள்ளேயே நடக்கும். மண் ரோட்டைத் தவிர்க்குமாறு கேட்கலாம். பழைய, விலை குறைந்த பேசியிலும் வேகமாக ஓடுகிறது. மாணவருக்கோ நடந்து செல்லும் யாத்திரிகருக்கோ ஒரே ஒரு செயலியைச் சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம்.

ஒஸ்மாண்ட் 2010 முதல் உள்ளது. திறமை மிகுதி, பழகக் கடினம். முதல் நாள் திறப்பவர் பட்டியல்களைப் பார்த்தே மூடிவிடுவதும் உண்டு. ஆனால் சாலை வெளிப் பயணத்துக்குத் தேவையான பல இதில்தான் உள்ளன. பாதையின் மேற்பரப்பைத் தார், கப்பி, மண் என்று நிறம் பிரித்துக் காட்டும். ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை மெல்லியதாகப் படரவிட்டுப் பார்க்கலாம். சென்ற பாதையைப் பதிவு செய்து கோப்பாகச் சேமித்து மற்றவருக்கு அனுப்பலாம். கட்டணமில்லாப் பதிப்பில் பதிவிறக்கங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, அதற்கு மேல் பணம் கட்ட வேண்டும். படங்கள் மாநில வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும் செயலிகளில் நாகூர்க்காரர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டை மட்டும் பதிவிறக்கிக்கொண்டு புறப்பட்டால் காரைக்கால் எல்லையில் படம் நின்றுவிடக்கூடும்.

மேப்ல்ஸ் என்பது 1995-இல் தொடங்கப்பட்ட மேப்மைஇந்தியா நிறுவனத்தின் செயலி. வேகத்தடை, பள்ளம், கூரிய வளைவு ஆகியவற்றை எச்சரிப்பது இதன் சிறப்பு. நெடுஞ்சாலையில் நன்றாக இருக்கிறது. வாய்க்கால் கரைக்கு இதை மட்டும் நம்பிப் போக வேண்டியதில்லை.

ஆன்எக்ஸ் ஆஃப்ரோடு, கையா ஜி.பி.எஸ். ஆகியவை வெளிநாட்டு ஒப்பீடுகளில் முதலிடம் பெறுபவை. ஆன்எக்ஸின் பலமே அமெரிக்க வனத்துறையும் நிலத்துறையும் வெளியிடும் பாதைத் தரவுதான். எந்தப் பாதை எந்த மாதத்தில் எந்த வாகனத்துக்குத் திறந்திருக்கும் என்பதை அங்கே அரசே வெளியிடுகிறது. இந்தியாவில் அத்தகைய தரவு இல்லாததால் இங்கே ஆண்டுக் கட்டணம் கட்டி அதை வாங்குவதில் பொருளில்லை. கையா இங்கும் திறக்கும், ஆனால் அடியில் அது காட்டும் இந்தியப் பாதைகள் பெரும்பாலும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் தரவே. அதை இலவசமாகவே பெறலாம்.

கோட்டுக்குப் பின்னால் இருப்பவர்கள்

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் வயல்வழி வண்டிப் பாதைக்குத் தனி வகை உண்டு. அதற்குள் கெட்டிப்பு அடிப்படையில் ஐந்து தரங்கள் உள்ளன. முதல் தரம் கப்பியோ தாரோ போட்டுக் கெட்டித்தது. ஐந்தாம் தரம் மண்ணும் புல்லும் மட்டும் உள்ள மெத்தென்ற தடம். அகலம், தாங்கும் எடை, வாகனத்துக்குத் தடை ஆகியவற்றையும் குறிக்கலாம். ஊர்ப்பெயரைத் தமிழில் எழுத இடம் உண்டு. இவ்வளவும் குறிக்கப்பட்டிருந்தால் ஒஸ்மாண்ட் போன்ற செயலி லாரியை ஒரு வழியிலும் மோட்டார் சைக்கிளை வேறு வழியிலும் அனுப்பும். குறிக்கப்படாவிட்டால் எல்லாம் ஒரே கோடு. வெளிநாட்டில் அமர்ந்து செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கோடு வரையும் தன்னார்வலருக்கு அது கரையா, வரப்பா, ரோடா என்று தெரியாது. அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும். ஆகவே கடைமடையில் எந்தச் செயலி நல்லது என்ற கேள்வியின் பெரும்பகுதி, அந்த ஊரில் யாராவது உட்கார்ந்து குறித்திருக்கிறாரா என்பதில் அடங்கிவிடுகிறது.

இந்தச் சமவெளியை அளப்பது எப்போதுமே சிரமமாகத்தான் இருந்திருக்கிறது. வில்லியம் லாம்டன் தொடங்கிய முக்கோண நில அளவைக்குத் தஞ்சைப் பகுதியில் ஏறி நின்று பார்க்கக் குன்றுகள் கிடைக்கவில்லை. கோயில் கோபுரங்களையே நிலையங்களாகக் கொள்ள வேண்டியிருந்தது. 1808-இல் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதிச் சேதமடைந்தது. லாம்டன் அதைத் தாமே செப்பனிட்டார். இதே காரணத்தால் நாகூர் தர்காவின் மனோராக்கள் இன்றும் அடையாளம் காட்டுகின்றன. ஐந்தில் உயரமானது 131 அடி. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டுவித்தது. மின்னேற்றம் தீர்ந்த பேசியைவிட அது நம்பகமானது.

1767-இல் நிறுவப்பட்ட இந்திய நில அளவைத் துறையிடம் விரிவான படங்கள் நெடுங்காலமாகவே இருந்தன. ஆனால் கடற்கரையிலிருந்தும் நாட்டு எல்லையிலிருந்தும் சுமார் 80 கிலோமீட்டருக்குள் அடங்கும் பகுதிகளின் படங்கள் பாதுகாப்புக் காரணம் காட்டிப் பொதுமக்களுக்குக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. நாகூரும் கீழத் தஞ்சை முழுவதும் அந்த வளையத்துக்குள் வந்தன. 2005-ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கை பொதுப் பயன்பாட்டுக்கெனத் தனிப் படவரிசையை ஏற்படுத்தியது. 2021 பிப்ரவரி 15 அன்று வெளியான வழிகாட்டுதல்கள் இந்திய நிறுவனங்கள் படம் தயாரிப்பதற்கு இருந்த முன் அனுமதித் தேவையை நீக்கின.

மேட்டூர் திறந்த பிறகு

செயலிகள் எதிலும் இல்லாத ஒன்று பருவம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று பாசனத்துக்குத் திறக்கப்படும். கல்லணை வழியாகக் கிளை ஆறுகளில் பிரிந்து தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரச் சில நாட்கள் பிடிக்கும். மாசியில் கார் போன களிமண் தடம் ஐப்பசி மழையில் டிராக்டருக்கே சவால். களிமண் காய்ந்தால் சிமெண்ட் போல் இறுகும், நனைந்தால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு சுழலவிடாது. நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியும் இதற்கு விலக்கல்ல. படத்தில் உள்ள பாதை எந்த மாதத்தில் யாரால் பதிவு செய்யப்பட்டது என்று பார்ப்பது நல்லது. பதிவுக் கோப்பில் தேதி இருக்கும்.

சம்பா அறுவடைக்குப் பின் வயல் காலியாகத் தெரிகிறதே என்று வண்டியை இறக்குபவர்களும் உண்டு. நெல் நிற்கும்போதே விதைத்த உளுந்தும் பயறும் தாளுக்கு இடையில் முளைத்திருக்கும். வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது தரிசு, உழவருக்கு அதுவே அடுத்த வருமானம்.

கஜா புயலில்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரம் போனதால் கைபேசிக் கோபுரங்களும் அணைந்தன. பல ஊர்களில் இந்நிலை நாட்கணக்கில் நீடித்தது. உதவிப் பொருள்களோடு வெளிமாவட்டங்களிலிருந்து வந்த வாகனங்கள் பெரிய சாலையை ஒட்டிய ஊர்களிலேயே குவிந்தன, உட்புறக் கிராமங்களுக்குப் போய்ச் சேரவில்லை என்ற குறை அப்போது பரவலாக எழுந்தது. சாலைகளில் மரங்கள் விழுந்து கிடந்தன. மாற்று வழி கேட்க இணையம் இல்லை. பதிவிறக்கிய படம் இருந்திருந்தால் மரத்தை அது அகற்றியிருக்காது, ஆனால் உள்ளே ஓர் ஊர் இருக்கிறது என்பதையும் அதற்கு இரண்டாவது வழி உண்டு என்பதையும் காட்டியிருக்கும்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் ஆர்வலர்கள், நீர் தேங்கிய தெருக்களைப் பொதுமக்களே குறிக்கும் படம் ஒன்றை உருவாக்கினர். அது இணையம் இருந்த பகுதிகளில் பயன்பட்டது. உலக அளவில் இவ்வகைப் பணி 2010 ஜனவரி ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது பெரிதாக வளர்ந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது இவற்றில் எதுவுமே இல்லை. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன.

ஊர்ப்பெயரும் எண்களும்

இணையம் இருக்கும்போது கூகுளில் ஊர்ப்பெயரைப் பிழையாக அடித்தாலும் அது ஊகித்துக்கொள்ளும். இணையமில்லாத் தேடலில் அந்தத் தாராளம் குறைவு. கீழையூர், மேலையூர், அகரம் போன்ற பெயர்கள் டெல்டாவில் ஒன்றுக்கு மேற்பட்டவை. போக வேண்டிய இடத்தை வீட்டிலேயே தேடி நட்சத்திரமிட்டுச் சேமித்துக்கொள்வதே பாதுகாப்பு.

இடத்தை அகலாங்கு, நெட்டாங்கு எண்களாகப் பகிர்வோர் ஒரு பிழையைத் தவிர்க்க வேண்டும். நாகூர் 10 பாகை 49 கலை வடக்கு, 79 பாகை 50 கலை கிழக்கு என்ற இடத்தை ஒட்டி உள்ளது. தசமத்தில் அது 10.82, 79.84. கலையைத் தசமம் என்று எண்ணி 10.49, 79.50 என்று அடித்தால் செயலி ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தென்மேற்கே, முத்துப்பேட்டைக்கு வடக்கே உள்ள வயல்வெளியில் கொண்டுபோய் விடும். இந்திய அஞ்சல் துறை 2025-இல் வெளியிட்ட டிஜிபின், சுமார் 4 மீட்டர் சதுரம் ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்தெண்களாலான குறியீடு தருகிறது. அதை வாய்மொழியாகச் சொல்வது எளிது.

கோடு இருந்தால் போகலாமா

2023 அக்டோபரில் கேரளத்தின் கொத்துருத்தில் இரவு மழையில் சென்ற கார் ஆற்றில் விழுந்து இரு இளம் மருத்துவர்கள் இறந்தனர். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே முடிவுறாத பாலத்திலிருந்து கார் விழுந்து மூவர் இறந்தனர். இரண்டிலும் வழிகாட்டிச் செயலியைப் பின்பற்றியதாகச் செய்திகள் வந்தன. முன்னதில் வெள்ளம், பின்னதில் தடுப்பு வைக்காத பாலம் என்று வேறு காரணங்களும் பேசப்பட்டன. திரையில் ஓடும் கோட்டின்மேல் கண் பதிந்திருக்கும்போது முன்னால் உள்ள தண்ணீர் ரோடு போலவே தெரியும். இரவில், பழகாத கரையில், மழையில் முன்னே ஒருவர் இறங்கி நடந்து பார்ப்பதற்கு ஈடான செயலி இன்னும் வரவில்லை.

அனுமதி என்பது வேறு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு தமிழகக் காடுகளில் மலையேற்றத்துக்கான விதிகள் இறுக்கப்பட்டன. செயலியில் பாதை தெரிவது வனத்துறையின் அனுமதி ஆகாது. நாகை மாவட்டத்தில் இது கோடியக்கரை சரணாலயத்துக்குப் பொருந்தும். அதன் சதுப்பில் தடம் விட்டு இறங்கும் வண்டி, புதைவதோடு வழக்கையும் சந்திக்கும். கடற்கரை மணலில் ஓட்டுவதும் விளையாட்டல்ல. ஆண்டின் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமைகள் இக்கரையில் முட்டையிடுகின்றன. கைபேசி எடுக்காத இடத்துக்கென்று வெளிநாட்டிலிருந்து செயற்கைக்கோள் தொடர்புக் கருவி வாங்கி வருவோருக்கும் ஓர் எச்சரிக்கை: உரிமமின்றி அவற்றை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். விமான நிலையங்களில் இதற்காகப் பயணிகள் பிடிபட்டுள்ளனர்.

வாய்க்கால் கரைகள் பலவும் நீர்வளத் துறைக்குச் சொந்தமானவை. அவற்றில் உழவர் வண்டிகள் போவது வழக்கம் கருதியே. மழைக்காலத்தில் கனத்த வாகனம் ஏறிக் கரை அமுங்கினால், அடுத்த வெள்ளத்தில் உடைப்பெடுப்பது அந்த இடத்தில்தான். தண்ணீர் புகுவது பாதையைப் பதிவேற்றியவரின் வயலில் அல்ல, கரையோர உழவரின் வயலில். கரைப் பாதைகளைப் படத்தில் சேர்க்கும் ஆர்வலர்கள் வாகனத் தடையையும் எடை வரம்பையும் சேர்த்துக் குறிக்க வேண்டியது இதனால்தான்.  ஆர்கானிக் மேப்ஸில் கடை, பேருந்து நிறுத்தம் போன்ற இடங்களை மட்டும் சேர்க்கலாம், கோட்டைத் திருத்த முடியாது.